மல்லாந்து படுத்து வரைந்த புத்தகம்

தொண்ணூற்றேழில் எனக்கு இருபத்து நான்கு வயது. அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டுமலர், மருந்துக் கம்பெனிகளின் அட்டைப்பெட்டி என்று எது வந்தாலும் செய்வோம். எனக்குப் படம் போட வரும் என்பதால் படம் உள்ள வேலைகளை முதலாளியம்மா என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த வருடம் அவருக்கே ஒரு ஆசை வந்தது. மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அ முதல் ஔ வரை, எழுத்துக்கு ஒரு முழுப்பக்க வண்ணப்படமாக ஒரு புத்தகம் சொந்தமாகப் போட வேண்டும் என்றார். பன்னிரண்டு படங்களையும் நானே வரைய வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவிளக்கு போட்டே அலுத்துப்போயிருந்த எனக்கு அது பெரிய பரிசு. ஐந்து படங்களை முடித்துவிட்டேன். 'உ'வுக்கு ஒரு உரலை வரைந்து முடித்த வாரத்தில்தான் என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனது.

முதுகுவலி அதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா அங்கே ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மட்டும் மாறாதவர். நான் வலி என்று சொல்லும்போதெல்லாம், "நாள் பூரா உக்காந்தே வேலை பாத்தா வலிக்கத்தான் செய்யும். நாங்கல்லாம் இரும்பத் தூக்கிட்டு நிக்கலையா?" என்பார். கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார். நானும் தைலம் தடவிக்கொண்டு மின்சார ரயிலில் நின்றபடியே போய்வந்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் காசநோய் என்றார். இரண்டு எலும்புகளை அரித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால் விளங்காமல் போயிருக்கும். "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார். அப்பா கையிலிருந்த எக்ஸ்ரே உறையைத் திருப்பிப் பார்த்தார். நான்தான் எட்டு மாதம் என்றேன். மாத்திரை குறைந்தது ஒன்பது மாதம். அதில் முதல் ஆறேழு மாதம் பலகை மேல் மல்லாந்தே கிடக்க வேண்டும். அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. உட்காரக் கூடாது, தலையணை கூடாது, உடம்பையோ கழுத்தையோ முறுக்கித் திரும்பக் கூடாது.

முன்னறையில் கட்டில் போட்டார்கள். யார் வந்து கேட்டாலும் அம்மா, "முதுகுல எலும்பு தேஞ்சிருக்காம்" என்று சொல்லிவிடுவாள். மாத்திரை அட்டைகளை முன்னறை அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். எனக்கு அப்போது ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அது தானாகவே நின்றுபோனது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுதால் கண்ணீர் நேராகக் காதுக்குள் போகும். அதைத் துடைக்கச் சிரமம் என்பதற்காகவே அழாமலிருக்கப் பழகினேன்.

இரண்டாவது மாதம் முதலாளியம்மா வந்தார். கையில் ஒரு கறுப்புப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைதான் கேட்டார். பிறகு, "உன் எலி, ஏணியெல்லாம் யார் போடறது?" என்றார்.

"வேற யாரையாவது வெச்சுப் போட்டுக்குங்க மேடம்."

"ரெண்டு பேரை வெச்சுப் பார்த்துட்டேன். ஒருத்தர் போட்ட எறும்பு வண்டு மாதிரி இருக்கு. நீ படுத்துக்கிட்டே போடு. அதுக்குத்தான் இதைக் கொண்டுவந்தேன்."

பைக்குள் ஒரு லேப்டாப் இருந்தது. ஏதோ ஒரு கம்பெனியில் பழசாகிவிட்டதென்று கழித்துக்கட்டிய கணினி. அதுவரை லேப்டாப்பை நான் விளம்பரங்களில்தான் பார்த்திருந்தேன். செங்கல் கனம், திருக்குறள் உரைப் புத்தகத்தைப் போல இரண்டு மடங்கு தடிமன். திரையில் வண்ணம் கிடையாது. வெள்ளையிலிருந்து கறுப்புவரை சாம்பல் நிறங்கள் மட்டும். அச்சகத்தில் நாங்கள் பயன்படுத்தும் வரைகலை மென்பொருளை அதில் ஏற்றித் தரும்படி, கொரட்டூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார் முதலாளியம்மா.

மறுநாளே மெக்கானிக் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். டி.வி., டேப்ரெக்கார்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியவர். லேப்டாப்பைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல படம் போடணுமா சிஸ்டர்? இது லெட்டர் அடிக்கிற மிசினு. நாலு எம்.பி. மெமரிதான் கீது. நீ ஒரு படத்தத் தொறந்தன்னா இதுக்கு நெஞ்சுவலி வந்துபூடும்."

"மெமரி ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம். ஆனா இந்தக் கம்பெனிக்காரன் தனி சைஸுல போட்டுக்கீறான். ரிச்சி தெருவுல தேடணும். ஹார்ட் டிஸ்க்கும் பத்தாது. ஒரு வாரம் டைம் குடு."

ஒரு வாரம் கழித்து வாங்கிவந்த மெமரி அட்டை ஒரு பல் அளவுக்கு அகலம் கூடுதலாக இருந்தது, பொருந்தவில்லை. திரும்பப் போனார். அடுத்த தடவை சரியான அட்டையோடு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் பழைய வேட்டியை விரித்து, லேப்டாப்பைக் கழற்றினார். கழற்றிய திருகுகளைப் போட அம்மா சம்படத்தின் மூடியைக் கொடுத்தாள். எனக்குத் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார். "இப்ப கீபோர்டத் தூக்கறேன். கீழ பட்டை ஒயர் ஒண்ணு கீது, அத இழுத்தா கதை கந்தல். மெல்லமாத்தான் எடுக்கணும்." நடுவில் பட்டென்று ஒரு சத்தம். "ஒண்ணுமில்ல சிஸ்டர், ஒரு கிளிப்பு. அது இல்லாட்டியும் ஓடும்."

மின்சாரத்தைப் போட்டதும் லேப்டாப்பை என் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். திரையின் மூலையில் மெமரியின் எண் கே.பி. கணக்கில் ஏறிக்கொண்டே போனது. பழைய நாலாயிரத்தைத் தாண்டி, எட்டாயிரத்தைத் தாண்டி, பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. இரண்டு மாதத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அன்றைக்குத்தான் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்த மாத்திரை அட்டை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. மெக்கானிக் எடுத்துப் பார்த்தார். அம்மாவின் முகம் மாறியது. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னாத்துக்குமா ஒளிக்கிற? எங்க ஊட்லயும் இதே மாத்திரதான். ஒன்றர வருசம் முன்ன நம்ப ஊட்டுக்காரி துன்னா. அவளுக்கு நெஞ்சுல. இப்ப ரெண்டு கொடம் தண்ணி தூக்கிகினு மாடி ஏர்றா" என்றார். அம்மா அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் மனைவி என்னென்ன சாப்பிட்டாள் என்று அரைமணி நேரம் விசாரித்தாள்.

லேப்டாப் தயார். ஆனால் அதை எங்கே வைப்பது? வயிற்றின் மேல் வைத்தால் தலையணை இல்லாத தலைக்குத் திரை தெரியவில்லை. பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தாள், கனம் தாங்காமல் இறக்கிவிட்டாள். படம் போட வண்ணத் திரை ஒன்றைத் தனியாக இணைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். ஆனால் அந்தக் காலத்து மானிட்டர் பதினைந்து கிலோ. அதைப் படுத்திருப்பவள் தலைக்கு மேல் எப்படிக் கட்டுவது?

அப்பா வாசல் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மருந்து சாப்பிட்டாயா என்பதைக்கூட அம்மாவிடம்தான் கேட்பார். அன்றைக்கு உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்துவந்தார். கட்டிலின் அகலம், தரையிலிருந்து உயரம், லேப்டாப்பின் நீளம் எல்லாவற்றையும் அளந்தார். கடைசியில் என் மூக்கு நுனிக்கு மேலே கையை வைத்து, "இங்கன இருந்தா எழுத்து தெரியுதா?" என்றார். கொஞ்சம் மேலே என்றேன். உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் என்றேன். அளவுகளைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

வெள்ளானூர் போகிற வழியில் ஒரு லேத் பட்டறையில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்தார். இரண்டாவது ஞாயிறு மாலை, தள்ளுவண்டியில் வந்து இறங்கியது அந்தச் சட்டம். கட்டிலைத் தொடாமல், இரண்டு பக்கமும் தரையில் ஊன்றி நிற்கிற இரும்புக்குழாய்க் கால்கள். மேலே குறுக்காக ஒரு சட்டம். அதிலிருந்து தொங்குகிற தகரத் தட்டு. லேப்டாப்பை முழுதாக விரித்து, திரை கீழே பார்க்கும்படி அந்தத் தட்டின் அடியில் பொருத்தி, நான்கு ரெக்சின் வார்களால் இறுக்க வேண்டும். காற்றுப் போகத் தட்டில் துளைகள். திரை சரியாக என் முகத்துக்கு மேல் ஒன்றரை அடியில் வரும்.

கட்டிலுக்கு மேல் மாட்டுவதற்கு முன்னால் அப்பா அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக் கால்களை மடக்கித் தொங்கினார்.

லேப்டாப்பை மாட்ட வந்திருந்த மெக்கானிக் சிரித்துவிட்டார். "நைனா, மிசினு மூணு கிலோதான். நீ இன்னாத்துக்கு அறுவது கிலோவத் தொங்கவுட்டுப் பாக்கற?"

"எம் மக மூஞ்சிக்கு மேலல்லா இருக்கப் போகுது" என்றார் அப்பா, தொங்கியபடியே.

அதைக் கேட்டபின் மெக்கானிக் சிரிக்கவில்லை. லேப்டாப்பின் கனத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று பார்த்தார். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது, அதைக் கழற்றிவிட்டார். கரண்ட் போனால் மிசினும் போகும், அதனால் ரெண்டு நிமிசத்துக்கு ஒரு தபா சேவ் பண்ணு என்று எனக்குச் சொன்னார். மேலே தொங்குகிற விசைப்பலகையில் கையைத் தூக்கித் தட்டினால் தோள் வலிக்கும் என்று சாதாரண விசைப்பலகை ஒன்றை ஒயரோடு இணைத்தார். அதை என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு நல்ல மேசை. வழுக்கவும் இல்லை, அமுங்கவும் இல்லை. மவுஸ்தான் பெரிய சிக்கல். அதை உருட்டச் சமதளம் வேண்டும். நான்கு நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு பொருளைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்குகிற பெட்டி, அதன் தலையில் கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை. பெட்டியை அசைக்க வேண்டாம், கட்டைவிரலால் உருண்டையை உருட்டினால் போதும், திரையில் அம்பு நகரும். ஒயரை நீளமாக்கி, என் வலது கை இடுப்போரம் கிடக்கும் இடத்தில் வைத்தார்.

முதல் வாரம் என்னால் ஒரு வட்டம்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. அம்பு வேகமாக நகர்ந்தால் அந்தத் திரையில் மறைந்துவிடும். நிறுத்தித் தேட வேண்டும். ஊஞ்சல் கயிறு பாம்பு மாதிரி நெளிந்தது. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், சேமிக்காத ஊஞ்சல் பலகை முழுவதும் போயிற்று. பிறகு கட்டைவிரலுக்குப் பழகிவிட்டது. ஊஞ்சல் ஆடியது. எலி வந்தது. வெளியே பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் சத்தம் கேட்கும்போதுதான் மணி நான்காகிவிட்டதே என்று தெரியும். நேரம் போவதே தெரியாமல் ஒரு பகல் கழிவது எவ்வளவு பெரிய சுகம் என்று, கூரையைப் பார்த்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வண்ணத்தை நான் எண்களால் போட்டேன். அச்சில் நான்கு மைகள்: சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற ரோஸ், மஞ்சள், கறுப்பு. எந்த நிறத்துக்கு எந்த மை எத்தனை சதவீதம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு ஓரளவு மனப்பாடம். திரை சாம்பலாகக் காட்டினாலும் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் தாளில் நிறம் வந்துவிடும். அப்படித்தான் நம்பினேன். ஏழு படங்களில் ஐந்து முடிந்ததும் அப்பா ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து ரயிலேறி அம்பத்தூருக்குப் போய் அச்சகத்தில் கொடுத்துவந்தார். இரண்டு நாளில் வண்ண அச்சுப்படிகளோடு திரும்பிவந்தார். ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

ஊஞ்சல் நன்றாக இருந்தது. எலி நன்றாக இருந்தது. ஏணியும் 'ஐ'க்குப் போட்ட ஐந்து விரல்களும் சரி. ஒட்டகம் பச்சையாக இருந்தது.

சாதாரணப் பச்சை அல்ல, வெண்டைக்காய்ப் பச்சை. மெஜந்தாவுக்குப் போட வேண்டிய எண்ணைச் சயானுக்குப் போட்டிருக்கிறேன். அம்மா சிரித்தாள். "புல்லு தின்னுருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையைக் கண்ணில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். எல்லாரும் என் மேல் இரக்கப்பட்டு இதையெல்லாம் செய்கிறார்கள். இது உருப்படாத காரியம் என்று தோன்றியது. இனி வேண்டாம், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா மறுநாள் மாலை மறுபடியும் அச்சகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே நாங்கள் பயன்படுத்தும் வண்ண அட்டவணையை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கிவந்தார். நூற்றுக்கணக்கான சிறு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம், அதன் கீழே நான்கு எண்கள். ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒட்டகத்துக்கு என்ன நிறம் வேணும்? நான் காட்டுதேன். நீ ஆமா இல்லைன்னு சொல்லு."

கட்டத்தின் மேல் விரலை வைத்து அட்டவணையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சரியான கட்டம் வரும்வரை இல்லை, இல்லை என்றேன்; வந்ததும் ஆமா என்றேன். அவர் எண்ணைப் படித்தார். நான் தட்டினேன். தட்டியதைத் திரும்ப வாசித்தேன். அவர் சரிபார்த்தார். தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற பழக்கம்; ஒரு எண்ணை இரண்டு முறை கேட்காமல் விடமாட்டார். அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, காப்பி குடித்ததும் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொள்வார். 'ஔ'வுக்கு ஔடதம் என்று போட முடிவு செய்திருந்தேன். என்னுடைய மாத்திரைகளையே ஒரு கிண்ணத்தில் வைத்து வரைந்தேன். அதில் செங்கல் நிறத்தில் ஒரு குளிகை உண்டு. அதற்கு நிறம் தேடிக்கொண்டிருந்த மாலையில்தான் அப்பா பேசினார்.

"சயான் பூஜ்யம். மெஜந்தா எழுவது. மஞ்சள் எம்பது." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு டாக்டர்கிட்ட எட்டு மாசம்னு சொன்னேல்லா."

"ஆமாப்பா."

"எட்டு மாசமும் நீ எங்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருந்த. நான் ஒன்ன நம்பல."

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. என் பார்வையில் திரையும் அதன் ஓரத்தில் அவர் பிடித்திருந்த அட்டவணையும்தான் இருந்தன. அட்டவணை ஆடியது.

"எனக்கே அது சாதாரண வலின்னுதான்பா தோணுச்சு" என்றேன். அது பொய். எத்தனையோ நாள் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இது சாதாரண வலியில்லை என்று எனக்குத் தெரிந்தே நின்றிருக்கிறேன். அவர் மேல் கோபமும் இருந்தது. ஆனால் இரண்டு ஞாயிறு பட்டறையில் நின்று, அந்தச் சட்டத்தில் தானே தொங்கிப்பார்த்த மனிதரிடம் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவர் மூக்கை உறிஞ்சினார். "கறுப்பு பதினஞ்சு" என்றார். "திருப்பிச் சொல்லு." சொன்னேன்.

ஏழாவது மாதம் புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு கூடிவருகிறது என்றார் டாக்டர். மாவுக்கட்டை அறுத்து எடுத்துவிட்டு, இடுப்பு வார் கொடுத்தார். முதல் நாள் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன், அறை சுற்றியது. புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. அட்டைப்படம் மட்டும் பாக்கி. வாசலோரம் மேசையில் லேப்டாப்பை வைத்து, தினம் பத்து நிமிடம், பிறகு கால்மணி நேரம் என்று உட்கார்ந்து வரைந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா பக்கத்தில் நிற்பார். "போதும், படு" என்பார். ஒரு கோடு பாக்கி என்றால், "கோடு எங்கயும் போயிராது" என்பார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படங்கள் என்று என் பெயரை முதலாளியம்மா போட்டிருந்தார். எங்கள் அச்சகத்தில் யார் பெயரும் அதுவரை அப்படி வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எலும்புத் தேய்மானத்தோடு இவ்வளவும் செய்தாளா என்று கேட்டபோது, அம்மா ஒரு கணம் தயங்கி, "தேய்மானம் இல்ல, டி.பி. இப்ப சரியாப்போச்சு" என்றாள். எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, பிறகு வந்தார்.

புத்தகம் ஓரளவு போயிற்று. ஆவடி, திருநின்றவூர்ப் பக்கம் சில பள்ளிகளில் வாங்கினார்கள். மறுபதிப்பில் எறும்பு கேட்கிறார்கள் என்று எலியை எடுத்துவிட்டோம். நான் அச்சகத்துக்குத் திரும்பினேன். முதலாளியம்மா முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப்போட்டிருந்தார். அந்த லேப்டாப் இன்னும் இரண்டு வருடம் ஓடியது. அதன் திரையில் கோடுகள் விழத் தொடங்கியபோது, மெமரியையும் ஹார்ட் டிஸ்க்கையும் வேறு யாருக்காவது ஆகும் என்று மெக்கானிக் கழற்றி எடுத்துக்கொண்டார். நான் அந்த உருண்டைப் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலது கை கட்டைவிரலால் உருட்டினால்தான் எனக்குக் கோடு நேராக வருகிறது. எத்தனையோ கம்ப்யூட்டர் மாறிய பிறகும் நான் மவுஸ் தொடுவதில்லை.